சிவப்பு முள் நின்ற இடம்

உடைத்துப் பார்த்தால்தான் ஒரு செங்கல்லின் பலத்தைச் சொல்ல முடியும் என்று எனக்கு முதன்முதலில் சொன்னவர் இந்தச் சங்கரநாராயணன் தம்பிதான், போன ஆடி மாதம், காற்று எங்கள் முற்றத்து மண்ணை வாரி வாசல்படியில் கொட்டிக்கொண்டிருந்த ஒரு மத்தியானம், ஆண்டவரே, நீரும் கேட்டுக்கொண்டுதானே இருந்தீர். அன்றைக்கே எனக்கு அந்தப் பேச்சு பிடிக்கவில்லை. இதென்ன நியாயம் தம்பி, உடைஞ்ச பிறகு அதுக்குப் பலம் இருந்தா என்ன, இல்லாட்டா என்ன என்று கேட்டேன். அவர் கோபப்படவில்லை. இஞ்சினியரிங் கல்லூரியில் பாடம் எடுக்கிறவர், பழைய கட்டடங்களைச் சோதித்து எழுதிக் கொடுக்கிறவர், பொறுமையான பிள்ளை. "முதல் வருஷப் பிள்ளைகளும் இதைத்தாம்மா கேக்கும்" என்று சிரித்தார். "அஞ்சு கல்லை உடைச்சு மிச்சக் கல்லை எல்லாம் நம்புதோம், அவ்வளவுதான்." அஞ்சை உடைத்து மிச்சத்தை நம்புவது. அதை அன்றிலிருந்து நெல்லிக்காய்க் கொட்டை மாதிரி வாய்க்குள் உருட்டிக்கொண்டிருக்கிறேன், துப்பவும் முடியவில்லை, விழுங்கவும் முடியவில்லை. இப்போது அவருடைய லேப்பில் ஒரு இரும்பு ஸ்டூலில் கைப்பையை மடியில் வைத்து உட்கார்ந்திருக்கிறேன். எதிரே ஆள் உயரத்துக்கு நிற்கிறது மெஷின், பச்சைப் பெயிண்ட், நெற்றியில் கடிகாரம் மாதிரி பெரிய வட்டம், அதில் ஒரு கறுப்பு முள், ஒரு சிவப்பு முள். கீழே ஈரச் சாக்குக்குள் எங்கள் வீட்டுச் சுவரில் இரண்டாம் தடவை எடுத்த கற்கள். என் மகள் ஹெப்சி மெஷினுக்குப் பக்கத்தில் கையைக் கட்டிக்கொண்டு நிற்கிறாள், பள்ளிக்கூடத்தில் ரிசல்ட் ஒட்டின பலகைக்கு முன்னால் நிற்பாளே, அதே நிலை. முள் நூற்றிருபதைத் தாண்டினால் எங்கள் வீட்டுச் சுவர் மாடியைத் தாங்கும். அஸ்திவாரம் தோண்டிப் பார்த்தாயிற்று, நன்றாக இருக்கிறது, கல் ஒன்றுதான் பாக்கி. மாடி வந்தால் ஹெப்சி என்னோடு இருப்பாள். வராவிட்டால் வீட்டை இடித்து மனையை விற்றுவிடலாம் என்கிறான் மூத்தவன் ஆல்வின், இவள் ஓசூரில் ஒரு பெண்கள் ஹாஸ்டலுக்கு வார்டனாகப் போய்விடுவாள். அந்த ஹாஸ்டல்காரர்களுக்குச் சொல்ல வேண்டிய பதிலை இந்தக் கல்லுக்காகத்தான் நிறுத்தி வைத்திருக்கிறாள். என் பிள்ளையின் பதில் ஈரச் சாக்குக்குள் கிடக்கிறது, ஆண்டவரே. எதையெல்லாம் எங்கெங்கே கொண்டுபோய் வைக்கிறீர் நீர்.

பேச்சிமுத்து அண்ணாச்சிதான் இந்த மெஷினை ஓட்டுகிறவர், காக்கிச் சட்டை, காதில் பென்சில். முதல் கல்லைச் சாக்கிலிருந்து எடுத்துக் குளிப்பாட்டின பிள்ளையைத் துவட்டுவது போலத் துடைத்தார். அடியில் ஒரு பிளைவுட் பலகை, மேலே ஒரு பிளைவுட் பலகை, நடுவில் எங்கள் வீடு. மோட்டார் உறுமத் தொடங்கியதும் என் முழங்கால் வலி எங்கே போனது என்று தெரியவில்லை. மேல் தகடு மெல்ல இறங்கிக் கல்லின் தலையில் கை வைத்தது, எங்கள் சபை ஐயர் ஆசீர்வாதத்துக்கு வைப்பாரே, அப்படித்தான் முதலில் வைத்தது, பிறகு அழுத்தியது. கறுப்பு முள் சிவப்பு முள்ளைத் தள்ளிக்கொண்டு மேலே ஏறுகிறது. நாற்பது. ஐம்பது. போன தடவை இங்கேதான் போயிற்று, இங்கேதான், ஐம்பதுக்கும் அறுபதுக்கும் நடுவில்தான். அப்பா பிதாவே. படபடவென்று ஒரு சத்தம், நான் ஸ்டூலை விட்டு எழுந்துவிட்டேன், "பலகைம்மா, பலகைதான் நசுங்குது, கல்லு சும்மா கெடக்கு" என்றார் அண்ணாச்சி திரும்பாமலே. சும்மா கெடக்கு. எவ்வளவு நல்ல வார்த்தை. அத்தனை பாரத்துக்கு அடியில் சும்மா கிடக்கிறது. எண்பது, நூறு, என் வாய் ஜெபம் சொல்வதை விட்டுவிட்டு எண்ணத் தொடங்கிவிட்டது, அதற்கு நீர் கோபிக்கக்கூடாது, நூற்றிருபது, தாண்டியது, தாண்டினதை நான் பார்த்தேன், ஹெப்சி கையை அவிழ்த்தாள், அவள் கை அவிழ்ந்ததையும் பார்த்தேன், நூற்றைம்பது, கல் இன்னும் நிற்கிறது, என் மாமனார் கட்டின வீட்டுக் கல், அது பாட்டுக்கு நிற்கிறது. கடைசியில் ஒரு மூலையிலிருந்து செம்மண் தூள் கசிந்து, ணொக் என்று ஒரு சத்தம், கறுப்பு முள் தடாலென்று விழுந்து பூஜ்யத்தில் கிடந்தது. சிவப்பு முள் மட்டும் நூற்று எழுபத்தெட்டில் நின்ற இடத்திலேயே நின்றது. "ஸ்தோத்திரம்!" என்று கத்திவிட்டேன். அடுத்த அறையில் யாரோ நாற்காலியை இழுக்கும் சத்தம் கேட்டது. "யம்மா, பைய, பைய, மெஷின் பயந்துரும்" என்றார் அண்ணாச்சி. ஹெப்சி என் தோளில் கைவைத்து உட்கார வைத்தாள். "எம்மா, உள்ளுக்குள்ள சொல்லுங்க." "உள்ள கொள்ளல, ஏளா. நான் என்ன செய்ய?"

உள்ளே கொள்ளவில்லைதான். போன தடவை உள்ளே இருந்ததெல்லாம் வேறு. போன தடவை கல் அதிரசம் மாதிரி பிட்டுக்கொண்டு போனது, ஐந்தும் அப்படியே, மெஷின் உறுமக்கூட இல்லை, முனகி நின்றுவிட்டது. அன்றைக்குத் திரும்பி வரும்போது திருச்செந்தூர் பஸ்ஸில் ஆளுக்கொரு மூலையில்தான் இடம் கிடைத்தது, நான் டிரைவருக்குப் பின்னால், அவள் கடைசி வரிசையில். திரும்பித் திரும்பி அவள் தலை தெரிகிறதா என்று பார்த்துக்கொண்டே வந்தேன், கூட்டத்துக்கு நடுவில் அவள் பாதி நெற்றி மட்டும் தெரிந்தது, அந்தப் பாதி நெற்றியில் ஓசூர் என்று எழுதி ஒட்டியிருந்தது போல எனக்குப் பட்டது. இரண்டு நாள் கழித்து சங்கரநாராயணன் தம்பி போன் செய்தார். "அம்மா, ஒடைஞ்ச துண்டெல்லாம் காயக்காய வெள்ளையா பூக்குது. உப்பு. எந்தச் சுவர்ல எடுத்தீங்க?" பின் சுவர் என்றேன். "ஏன் பின் சுவர்?" கல் எடுத்துக் கொடுத்த கொத்தனார் ஏசுவடியானைக் கூப்பிட்டுக் கேட்டோம். அவர் எங்களைப் பார்த்த பார்வையில் பெரிய ஆச்சரியம். "இது என்ன கேள்விக்கா? உள்ள கனமான சுவர்னா நடுவீட்டு ஜெபச் சுவர் ஒண்ணுதான். அதுல போயி உளி வைக்கவா?" வைக்காதே என்று அவரிடம் யாரும் சொல்லவில்லை. சொல்ல வேண்டியதும் இல்லை. எங்கள் பக்கத்தில் எந்தக் கொத்தனாரும் வைக்கமாட்டார். அந்தச் சுவருக்கு முன்னால்தான் ராத்திரி ஜெபம். அந்தச் சுவரில் ஒரே ஆணியில்தான் புது வருஷ ஆராதனையில் கோயிலில் தருகிற, வேத வசனம் அச்சடித்த வாக்குத்தத்த அட்டை தொங்கும், பழையதைக் கழற்றுவதில்லை, அதன்மேலேயே புதியது, அது இப்போது தலையணைக் கனத்துக்கு வந்துவிட்டது. அதனால் அவர் பாட்டுக்குப் பின்னால் போய்ப் பின் சுவரில் கல் எடுத்தார், நாங்கள் பாட்டுக்குக் காபி போட்டுக் கொடுத்தோம், ஒருவருக்கும் தப்பாகத் தோன்றவில்லை. பின் சுவர் என்ன சுவர்? என் வீட்டுக்காரர் தவமணி உப்பளத்தில் கங்காணியாக இருந்தார். கிறிஸ்துமஸ் வந்தால் முதலாளி மூட்டை மூட்டையாக உப்பு ஏற்றிவிடுவார், இவர் அதைப் பின் சுவரோடு அடுக்கி வைத்து வருஷம் முழுக்கத் தெருவுக்கெல்லாம் அள்ளிக் கொடுப்பார். அவர் போய்ச் சேர்ந்தார், மூட்டைகளும் போய்ச் சேர்ந்தன, உப்பு மட்டும் சுவருக்குள்ளேயே இருந்துகொண்டு என் பிள்ளையைத் தோற்கடிக்கப் பார்த்தது. அவர் இருந்திருந்தால், "செல்லத்தங்கம், நம்ம சுவரு சப்புனு இல்லாம ருசியாத்தான் இருக்கு" என்றிருப்பார், நான் அடுப்படியிலிருந்து எதையாவது வீசியிருப்பேன். இதையெல்லாம் தயங்கித் தயங்கி போனில் சொன்னபோது சங்கரநாராயணன் தம்பி சிரிக்கவில்லை. "எங்க வீட்லயும் பூஜை ரூம் சுவர்ல ஆணி அடிக்க விடமாட்டாங்கம்மா, புரியுது. ஆனா மாடிப் பாரம் வந்து உக்காரப் போறது உங்க ஜெபச் சுவர் மேலதான். சுமக்கப் போற சுவரை விட்டுட்டு, வேற சுவரைக் கேட்டிருக்கோம்." அவர் கேட்டிருக்கீங்க என்று சொல்லவில்லை, கேட்டிருக்கோம் என்றார். அந்தக் 'கோம்'முக்காகவே அவர் பிள்ளை குட்டிகளோடு நன்றாக இருக்க வேண்டும் என்று அன்று ராத்திரி ஜெபத்தில் அவர் பெயரையும் சேர்த்தேன்.

இரண்டாவது கல்லும் தாண்டிவிட்டது. எனக்கு இப்போது பயம் குறைந்து ஒரு திமிர் வந்துவிட்டது, முள் நூற்றிருபதுக்கு வருவதற்கு முன்பே நான் அண்ணாச்சியைப் பார்த்துத் தலையாட்டுகிறேன், போகும் போகும் என்று. நூற்று அறுபத்து மூன்று. இந்தத் தடவை உள்ளுக்குள்ளேயே சொல்லிக்கொண்டேன், ஆனால் உதடு அசைந்திருக்க வேண்டும், அண்ணாச்சி "ம், ம், கேட்டுட்டு" என்றார். ஈரச் சாக்கு வாடையும் மெஷின் எண்ணெய் வாடையும் சேர்ந்து மூக்கில் ஏறுகிறது, அதற்கு நடுவில் எனக்குக் கருப்பட்டி வாடை வருகிறது, இங்கே ஏது கருப்பட்டி, மனசுதான். ஜெபச் சுவரைத் திறந்த அன்றைக்கு வந்த வாடை. கருப்பட்டித் தண்ணீர் விட்டு அரைத்த சுண்ணாம்பு, உலகமுள்ளமட்டும் நிற்கும் என்று என் மாமனார் பெருமை பேசுவார், அதனாலதான் எறும்பு இந்த வீட்டை விட்டுப் போகமாட்டேங்கு என்பார் என் வீட்டுக்காரர். அன்றைக்கு அட்டைகளை இறக்கிப் பாயில் வைத்தேன். ஆணியை ஏசுவடியானே பிடுங்கினார். ஜெபம் பண்ணுங்கக்கா என்று துண்டைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு நின்றார், நான் தொடங்கினால் எனக்கு நிறுத்தத் தெரியாது என்பது உமக்குத் தெரியும், சுவரைக் கட்டினவர்களிலிருந்து ஆரம்பித்தேன், நடுவில் ஆல்வின் பிள்ளைகளின் பரீட்சைக்கும் போய்விட்டேன், "எம்மா, ஆமென் சொல்லுங்க, அண்ணன் சாயங்காலத்துக்குள்ள சுவரை மூடணும்" என்றாள் ஹெப்சி. ஆமென் என்று நான் சொல்வதற்குள் அவர் சொல்லிவிட்டு உளியை வைத்தார். காரை விழுந்தது, பிறகு கல். பனம்பழத்தைப் பிளந்தால் உள்ளே ஒரு நிறம் இருக்குமே, அந்த நிறம். இத்தனை வருஷமாக வெள்ளையடித்து வெள்ளையடித்து, உள்ளே இப்படி ஒரு நிறம் இருக்கிறது என்று எனக்குத் தெரியாது. ஏசுவடியான் இரண்டு கல்லை எடுத்து ஒன்றோடொன்று தட்டினார், ணங் என்றது. "கேட்டியளாக்கா? கோயில் மணி!" ஹெப்சி அவர் கையிலிருந்து வாங்கித் தானும் தட்டிப் பார்த்தாள், மறுபடி தட்டினாள், சின்ன வயசில் தாம்பாளத்தைத் தட்டிக்கொண்டு திரிவாளே, அதே முகம், கோயம்புத்தூரில் கட்டிக் கொடுத்த வீட்டிலிருந்து வந்த பிறகு அந்த முகத்தை நான் அன்றைக்குத்தான் பார்த்தேன். கோயம்புத்தூரிலிருந்து அவள் வந்ததை நினைக்காதே, இப்போது நினைக்காதே செல்லத்தங்கம், மூன்றாவது கல் ஏறப் போகிறது. நினைத்துவிட்டேன். ஆட்டோ வாசலில் நின்றது, ஒரே ஒரு பெட்டி, "சோறு இருக்காம்மா?" என்று கேட்டாள். குழம்பைச் சூடாக்கினேன், எதுவும் கேட்கவில்லை. பிறகு நாள் கணக்கில் தூங்கினாள். லீவில் வந்திருக்கிறாள் என்றேன் கேட்டவர்களிடம். கோயிலில் என் பெரிய நாத்தனார் எஸ்தர் மதினி சும்மா விடுவாளா, "என்ன செல்லத்தங்கம், மகளை ஊறப் போட்டிருக்கியோ?" என்றாள், சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். ஆமாம் மதினி, ஊறப் போட்டிருக்கிறேன். இங்கே கல்லையும் ஒரு நாள் தண்ணீரில் ஊறப் போட்டுத்தான் எவ்வளவு குடித்திருக்கிறது என்று நிறுத்துப் பார்க்கிறார்கள். என் பிள்ளை எவ்வளவு குடித்துவிட்டு வந்தாள் என்று நான் நிறுத்துப் பார்க்கவில்லை. அவள் சொன்னது ஒன்றே ஒன்றுதான், அது வந்து பல நாள் கழித்து, பாத்திரம் தேய்த்துக்கொண்டு, முதுகைக் காட்டிக்கொண்டு. "எனக்கு ஒரு கதவு வேணும்மா. என் பூட்டு, என் சாவி. நான் திறந்தாத்தான் திறக்கணும்." அந்தக் கதவைத்தான் மாடியில் வைக்கப் போகிறோம்.

மூன்றாவது கல் தாண்டவில்லை. தொண்ணூறில் முள் ஒரு தடவை நடுங்கியது, நூறு, நூற்று இரண்டு, ஒரு சத்தம், பலகையாகத்தான் இருக்கும் என்று நினைத்தேன், கறுப்பு முள் விழுந்துவிட்டது. சிவப்பு முள் நூற்று நான்கில் நின்றது. மோட்டாரை அணைத்ததும் மின்விசிறிச் சத்தம் திடீரென்று பெரிதாகக் கேட்டது. நான் தலையாட்டினேனே, அண்ணாச்சியைப் பார்த்துத் தலையாட்டினேனே, அதற்கா ஆண்டவரே? இல்லை, நீர் அப்படிப்பட்டவர் இல்லை, ஒரு கிழவி தலையாட்டினதற்காகக் கல்லை உடைக்கிறவர் இல்லை. ஆனால் சுவர் என்றால் எல்லாக் கல்லும்தானே. ஒரு கல் போனால் அதற்கு மேலிருப்பது? ஆல்வின் சொல்வது இதைத்தான். அவன் கெட்டவன் இல்லை. போன ஐப்பசி மழையில் எங்கள் தெருவில் ஒரு பழைய வீட்டுச் சுவர் உட்கார்ந்து உள்ளே கட்டியிருந்த ஆடு இரண்டும் போயிற்று, அதை யாரோ போட்டோ எடுத்து அவனுக்கு அனுப்பிவிட்டார்கள், அன்றிலிருந்து அவனுக்கு மஸ்கட்டில் தூக்கம் இல்லை. வானிலை எங்களுக்கு முன்னால் அவனுக்குத் தெரியும். "மழை வருதாம், கட்டிலை நடுவீட்டுக்கு இழுத்துப் போடுங்க" என்று அங்கிருந்து சொல்வான். இப்போது போன் அதிர்கிறது, கைப்பைக்குள் அவன்தான். எடுத்தேன். "என்னம்மா ஆச்சு?" "ஒடச்சிக்கிட்டு இருக்காங்க." "ஒடையுதா?" "ஒடையத்தானப்பா வந்திருக்கு, அதுதான சோதனை." "எம்மா, வெளையாடாதீங்க, எவ்வளவுல ஒடையுது?" அந்த நூற்று நான்கை எப்படிச் சொல்ல. அப்போது சங்கரநாராயணன் தம்பி கையுறை போட்டுக்கொண்டு உடைந்த கல்லைப் பிரித்துப் பார்த்தார், ஹெப்சியைக் கூப்பிட்டுக் காட்டினார், உள்ளே கொட்டைப்பாக்கு அளவுக்கு வெள்ளையாக ஒரு சுண்ணாம்புக் கட்டி. "கல்லு அறுக்க மண்ணு மிதிக்கும்போதே கிடந்திருக்கு. அந்த இடத்துலதான் விட்டிருக்கு. ஒண்ணு இப்படி இருக்கும், அதுக்குத்தான் அஞ்சு எடுக்கோம். எண்பதுக்குக் கீழ போகாம, அஞ்சும் சேர்ந்து சராசரி நூற்றிருபது தாண்டுனா போதும்." பிறகு என்னைப் பார்த்து, "அம்மா, சுவர்ல எந்தக் கல்லும் தனியா நிக்கிறதில்ல. பக்கத்துக் கல்லு வாங்கிக்கிடும்" என்றார். பக்கத்துக் கல்லு வாங்கிக்கிடும். போனை ஹெப்சியிடம் கொடுத்தேன், நீயே சொல்லு உன் அண்ணனிடம் என்று. அவள் சுண்ணாம்புக் கட்டியைச் சொன்னாள், எண்பதைச் சொன்னாள், சராசரியைச் சொன்னாள், குரல் நடுங்காமல் சொன்னாள், கேட்டுக்கொண்டிருந்த எனக்கே நம்பிக்கை வந்தது. "லைன்லயே இருங்கண்ணே" என்றாள் கடைசியில். அதனால் நாலாவது கல் ஏறும்போது மஸ்கட்டும் எங்களோடு நின்றது.

நாலாவது கல்லை என்ன சொல்ல. அது கல் இல்லை. நூற்றிருபதைத் தெரு முனையைக் கடப்பது போலக் கடந்து போனது, நூற்றைம்பது, நூற்றெண்பது, மெஷின் உறுமல் மாறி ஒரு கனத்த முனகலாக வந்தது, "என்ன சத்தம்? என்ன சத்தம்?" என்று போன் கத்துகிறது, "நம்ம தாத்தா கல்லு, அண்ணே!" என்று ஹெப்சி கத்துகிறாள், என்னை உள்ளுக்குள்ளே சொல்லச் சொன்னவள் கத்துகிறாள், இருநூறு, இருநூற்று ஆறு, ணொக். கறுப்பு முள் விழுந்தது. அப்போதுதான் அந்தச் சிவப்பு முள்ளைச் சரியாகப் பார்த்தேன். அது விழவே இல்லை. ஒவ்வொரு தடவையும் கறுப்பு முள் விழுந்துவிடுகிறது, சிவப்பு முள் அங்கேயே நிற்கிறது, அண்ணாச்சி கிட்டத்தில் போய்ச் சிவப்பு முள்ளைப் பார்த்துத்தான் எழுதுகிறார், பிறகு தன் விரலால்தான் அதைக் கீழே இறக்கி வைக்கிறார். "அண்ணாச்சி, அந்தச் சிவப்பு எதுக்கு?" என்று கேட்டேன். "அதாம்மா கணக்கு. கறுப்பு விழுந்துரும்லா. எதுவரைக்கும் தாங்குச்சுன்னு இது பிடிச்சு வச்சிக்கிடும்." அப்படியென்றால் விழுந்ததை எழுதுவதில்லை. தாங்கினதைத்தான் எழுதுகிறார்கள். உடைந்தது என்று எழுதுவதில்லை, இருநூற்று ஆறு என்று எழுதுகிறார்கள். ஆடி மாதத்திலிருந்து உருட்டிக்கொண்டிருந்த கொட்டை எங்கே போயிற்று என்று தெரியவில்லை, விழுங்கிவிட்டேன் போலிருக்கிறது. நீரும் இப்படித்தான் வைத்திருப்பீர், ஆண்டவரே. ஆட்டோவிலிருந்து ஒற்றைப் பெட்டியோடு இறங்கினதை ஊர் பார்த்தது, எஸ்தர் மதினி பார்த்தாள், அது கறுப்பு முள். அந்த வீட்டில் அவள் எத்தனை வருஷம், எதுவரைக்கும் தாங்கினாள் என்பதை யாருமே பார்க்கவில்லை, பெற்றவள் நானே பார்க்கவில்லை, ஆனால் உம்முடைய பக்கத்தில் ஒரு சிவப்பு முள் அங்கேயே நிற்கும், யாரும் விரல் வைத்து இறக்க முடியாது. எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்தது, துக்கத்தில் இல்லை, தேர்த் திருவிழாவில் தேர் நிலைக்கு வந்து நின்றதும் பார்க்கிறவர்களுக்கு வருமே, அந்தத் தண்ணீர். ஐந்தாவது கல் ஏறினதை நான் பாதிதான் பார்த்தேன். நூற்று நாற்பத்தொன்பது. சங்கரநாராயணன் தம்பி காகிதத்தில் கூட்டினார், ஹெப்சி காகிதம் இல்லாமலே அவருக்கு முன்னால் கூட்டிச் சொல்லிவிட்டாள், "சராசரி நூற்று அறுபது." "அதேதான்" என்றார் அவர். பேனாவை மூடினார். "தாங்கும்மா. மாடிக்கு எழுதித் தாரேன். பின் சுவர் மேல மட்டும் பாரம் வைக்காதீங்க, அதை அடியிலிருந்து மாத்திக் கட்டணும்." போனில் ஆல்வினுடைய மூச்சு மட்டும் கேட்டது. எனக்கு அவன் மூச்சு தெரியும், அழுகையை அடக்குகிற மூச்சு, பத்தாம் வகுப்பிலும் அப்படித்தான். பிறகு சொன்னான்: "மாடிப்படியை வெளிய வைங்கம்மா. வீட்டுக்குள்ள இருந்து வேண்டாம். அவளுக்குத் தனி வழி வேணும்லா." ஹெப்சி என்னைப் பார்த்தாள். கதவு, பூட்டு, சாவி எல்லாம் அவன் வாயிலிருந்தே வந்தது போல இருந்தது, நான் அவனிடம் சொல்லவே இல்லை, உம்மிடம்தான் சொன்னேன். "ஓசூருக்கு?" என்று கேட்டான். "வரலன்னு சொல்லிருதேன்" என்றாள் இவள், கடைக்குப் போகவில்லை என்று சொல்வது போல. ஸ்தோத்திரம், ஸ்தோத்திரம், ஸ்தோத்திரம். இந்தத் தடவை வாய்விட்டுத்தான் சொன்னேன். அண்ணாச்சியும் பென்சிலை எடுத்துக் காதில் வைக்கிற சாக்கில் கண்ணைத் துடைத்தார், நான் பார்த்தேன்.

சாக்கில் ஒன்று மிச்சம் இருந்தது. எதற்கும் இருக்கட்டும் என்று ஏசுவடியான் எடுத்துத் தந்த ஆறாவது கல், ஆணி இருந்த கல், ஓரத்தில் அந்த ஆணி ஓட்டை அப்படியே இருக்கிறது, அட்டைகள் தொங்கின இடம். அண்ணாச்சி அதைக் கையில் எடுத்துப் புரட்டினார். "இதையும் போட்டுப் பாத்துருவோமா? இருநூறைத் தாண்டுதான்னு பாப்போம். கை ஊறுது." எனக்கும் ஆசையாகத்தான் இருந்தது, பொய் சொல்லக்கூடாது, அந்தக் கல் எவ்வளவு தாங்கும் என்று பார்க்க எனக்கு ஆசையாகத்தான் இருந்தது. ஹெப்சி இரண்டு கையையும் நீட்டினாள். "வேண்டாம் அண்ணாச்சி. அஞ்சு கல்லு சொல்லிருச்சுல்லா. இது முழுசா இருக்கட்டும்." சொல்லிவிட்டுத் துப்பட்டாவை அவிழ்த்து அந்தக் கல்லை ஈரத்தோடே சுற்றினாள், பிறந்த பிள்ளையைச் சுற்றுவது போல அல்ல, தன்னுடைய சாமானைத் தான் எடுத்துக்கொள்வது போல, இறுக்கமாக, ஒரு முடிச்சு. சங்கரநாராயணன் தம்பி வாசல்வரை வந்தார். மாடி முடிந்ததும் வர வேண்டும் தம்பி, வீட்டிலும் கூட்டிக்கொண்டு வர வேண்டும் என்றேன். "வாரேம்மா, ஆனா ஜெபம் சுருக்கமா பண்ணணும்" என்றார், ஹெப்சி சொல்லிக் கொடுத்திருக்க வேண்டும், அவள் அந்தப் பக்கம் திரும்பிச் சிரிக்கிறாள். வெளியே வெயில் கண்ணைக் கூசுகிறது. வேப்ப மரத்தடியில் பஸ்ஸுக்கு நிற்கிறோம், அவள் தோளில் பை, பைக்குள் கல், பை ஒரு பக்கமாக இழுக்கிறது, கொடு நான் கொஞ்ச நேரம் வைத்திருக்கிறேன் என்றால் தரமாட்டேன் என்கிறாள். நாளைக்கு ஏசுவடியான் வந்து, ஜெபச் சுவரில் அதன் இடத்தில் சும்மா அடைத்து வைத்த கல்லை எடுத்துவிட்டு, அதையே வைத்துப் பூசுவார், அதே ஓட்டையில் அதே ஆணி, தலையணைக் கனத்துக்கு அட்டைகள், அதற்கு மேலே மாடி, மாடியில் ஒரு கதவு. "என்னம்மா தனியாச் சிரிக்கிய?" என்கிறாள். ஒண்ணுமில்லளா என்கிறேன். தூரத்தில் திருச்செந்தூர் பஸ் வருகிறது, படியில் ஆள் தொங்குகிறது, இந்நேரத்தில் எங்கே போகிறார்கள் இத்தனை பேர். ஆண்டவரே, இத்தனை மாதமாகப் பெரிது பெரிதாகக் கேட்டு உம்மை ஓயவிடவில்லை, எல்லாம் தந்தீர். இப்போது சின்னதாக ஒன்று. இந்த பஸ்ஸில் எங்கள் ரெண்டு பேருக்கும் பக்கத்துப் பக்கத்தில் இடம் தாரும்.